ஆர்15 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கில் நெடும்பயணம் போகும்போது சாமான்களை எப்படிக் கொண்டுசெல்வது?

யமஹா ஆர்15 வெர்ஷன் 3 வண்டியில் சென்னையிலிருந்து வால்பாறைக்கு ஐந்து நாள் பயணமாகத் தனியாகப் போகப்போவதாகவும், கேரியரே இல்லாத இந்த வண்டியில் சாமான்களை எங்கே வைப்பது, எந்தப் பையை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வண்டியைத்தான் ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். அதே வால்பாறைக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை தவறாகக் கட்டிக்கொண்டும் இரண்டாம் முறை சரியாகக் கட்டிக்கொண்டும் போனேன். எந்தப் பை என்பதைவிட, அந்தப் பையின் எடை வண்டியில் எங்கே உட்காருகிறது என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த வண்டியின் எடை பெட்ரோலோடு சேர்த்து ஏறத்தாழ 142 கிலோதான். இவ்வளவு இலேசான வண்டியில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையை ஏற்றினால் அது ஓட்டத்தில் தெரியாமல் இருக்காது. அதிலும் பின்சீட் உயரமாகவும் குறுகலாகவும் பின்சக்கரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டும் இருப்பதால், அங்கே கட்டுகிற பை சற்றே பின்னுக்குப் போனாலும் அதன் எடை பின்சக்கர அச்சைத் தாண்டிவிடுகிறது. அப்போது அது நெம்புகோல்போல வேலைசெய்து முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைத்துவிடும். முதல் பயணத்தில் நான் கட்டியிருந்த பை பதினான்கு கிலோ. அதில் பாதி, பின்விளக்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டை, சேலம், கோவை வரை நேரான நெடுஞ்சாலையில் பெரிய லாரிகள் முந்திச் செல்லும்போது ஹேண்டில் இலேசாக ஆடியதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. ஆழியாறு தாண்டி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏற்றத்தில் வளைவை முடித்து ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் முன்சக்கரம் சாலையைப் பிடிக்காமல் மிதப்பதுபோல இருந்தது; நினைத்த கோட்டைவிட்டு வண்டி வெளியே வெளியே போயிற்று. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் அவிழ்த்து, கனமான பொருள்களைப் பையின் முன்பக்கத்துக்கு மாற்றி, பையையே என் இடுப்பை ஒட்டி இழுத்துக் கட்டினேன். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் மீதி வளைவுகளில் வேறு வண்டியை ஓட்டுவதுபோல இருந்தது.

ஆகவே பின்சீட்டின் மேல் கட்டும் டெயில் பேக் வாங்கும்போது நீளமாக உள்ளதைத் தவிர்த்து, பின்சீட்டின் அளவுக்குள் அடங்கக்கூடிய, முப்பது லிட்டருக்கு மிகாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டூல்கிட், பூட்டு, சார்ஜர், பஞ்சர் போடும் பொருள்கள் ஆகிய கனமானவை அடியிலும் உங்கள் முதுகுப் பக்கமும் இருக்கட்டும். துணிகள் மேலேயும் பின்பக்கமும் போகட்டும். பை உயரமாக எழும்பினால் வண்டியில் ஏறும்போது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட முடியாது. பழக்கத்தில் தூக்கினால் கால் பையில் தட்டி, சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியே சாய்ந்துவிடும். முழங்காலை மடக்கி, சீட்டுக்கும் டேங்க்குக்கும் மேலாகக் காலை எடுத்துப்போடும் வழக்கத்தை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான். இரண்டு முனையிலும் கம்பிக் கொக்கி உள்ள எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பிப் பையைக் கட்ட வேண்டாம். அது ஒவ்வொரு குழியிலும் நீண்டு சுருங்குவதால் பை சிறிது சிறிதாக நகரும், ஒரு கொக்கி கழன்றாலும் மொத்தக் கட்டும் தளர்ந்துவிடும். நீளாத நாடாவும் இறுக்கும் பக்கிளும் கொண்ட பட்டைகளே சரியானவை. சாவியால் பின்சீட்டைக் கழற்றி, பட்டைகளைச் சீட்டுக்கு அடியில் கொடுத்து மறுபடி சீட்டைப் பூட்டிவிட்டால், பையைக் கட்ட நான்கு உறுதியான முனைகள் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் பாகங்களில் எதையும் மாட்ட வேண்டியிருக்காது. இறுக்கிய பிறகு மிஞ்சும் நாடா முனையை ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். சேலம் அருகே டீ குடிக்க நிறுத்தியபோது என் வண்டியில் அப்படி ஒரு முனை அவிழ்ந்து செயினுக்கு நான்கு விரல் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனி ஏற்கெனவே எங்கோ உரசிப் பஞ்சாகப் பிரிந்து, கிரீஸ் படிந்து கறுத்திருந்தது. செயினும் பற்சக்கரமும் அந்த நாடாவை இழுத்திருந்தால் ஓடும் வண்டியில் பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றிருக்கும். அன்றிலிருந்து மிஞ்சிய நாடாவைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பும் சுற்றாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

இருபக்கமும் தொங்கும் சேடில் பேக் எடையைக் கீழே கொண்டுவருவதால் கொள்கையளவில் நல்லதுதான். ஆனால் இந்த வண்டியில் வலப்பக்கம் சைலன்சர் மேல்நோக்கி எழும்பி நிற்கிறது. காலியாக இருக்கும்போது தள்ளி நிற்கும் பை, சாமான் நிறைந்து ஒரு பள்ளத்தில் குதித்ததும் அதன் மேல் போய் உட்காரும். நைலான் துணி உருகுவதற்குச் சில நிமிடங்கள் போதும். பையைத் தள்ளிப் பிடிக்கும் இரும்புச் சட்டமும் வெப்பத் தடுப்பும் இல்லாமல் சேடில் பேக் போடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற பலத்த காற்றுள்ள இடங்கள் வழியாகப் போகும்போது, இருபுறமும் அகன்ற பை காற்றைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்ரோல் டேங்க்கின் மேல் வைக்கும் டேங்க் பேக் சிறியதாக இருந்தால் மிகவும் உதவும்; எடை வண்டியின் நடுவிலேயே இருப்பதால் ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது. காந்தம் வைத்த பை வாங்குவதற்கு முன், உங்கள் டேங்க்கின் மேற்பகுதியில் ஒரு சாதாரணக் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், பிளாஸ்டிக் மூடிய பாகத்தில் அது ஒட்டாது. பையை வைத்த பிறகு ஹேண்டிலை இரு ஓரங்களுக்கும் முழுமையாகத் திருப்பி, பை ஹாரன் பட்டனையோ என்ஜினை நிறுத்தும் சுவிட்சையோ அழுத்துகிறதா என்றும் சோதிக்க வேண்டும். இந்த வண்டியில் குனிந்து ஓட்டுவதால், பை உயரமாக இருந்தால் நெஞ்சு அதில் முட்டும்.

முதுகுப்பையில் சாமான் சுமக்க வேண்டாம். குனிந்த நிலையில் அந்த எடை தோள்வழியாக மணிக்கட்டுக்கு இறங்கும், இருநூறு கிலோமீட்டருக்குள் விரல்கள் மரத்துவிடும். விழ நேர்ந்தால் பைக்குள் இருக்கும் பூட்டும் ஸ்பேனரும் நேராக முதுகெலும்பில்தான் குத்தும். தண்ணீர்ப் பை மட்டும் இருக்கலாம்.

மழைக்கு, பையின் மேலே போடும் உறையை நம்பாமல் துணிகளை உள்ளேயே தனித்தனிப் பாலித்தீன் பைகளில் கட்டிவையுங்கள். வேகத்தில் வெளி உறை பறந்துவிடும். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அதிகபட்சச் சுமை என்பது உங்கள் உடல் எடையையும் சேர்த்ததுதான். டயர் காற்றையும் அதில் சுமைக்குச் சொல்லியுள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். பின்பக்கம் அமுங்குவதால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கிவிடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் முழுமையாகக் கட்டி, பையின் நான்கு ஓரங்களையும் ஒட்டிச் சீட்டின்மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பி வாருங்கள். பை கோட்டைவிட்டு ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுங்கள். எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் கோடு அப்படியே இருந்தது.