கையெழுத்து யாருடையது? நோட்டு, கடன் பத்திரம், அறிக்கை குறித்த கேள்வி பதில்

வங்கிப் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். அவற்றில் பாதி, ரிசர்வ் வங்கியின் நோட்டுகளைச் சேமித்து வைக்கும் கரன்சி செஸ்ட்டிலும், வங்கியின் பணத்தைப் பத்திரங்களில் முதலீடு செய்யும் டிரஷரிப் பிரிவிலும் கழிந்தன. அந்த அனுபவத்துக்கு உட்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்பது என் துறை அன்று.

கோவை, கல்லூரி மாணவி: ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இல்லையே, ஏன் ஐயா?

வீட்டில் ஒரு ரூபாய் நோட்டு இருந்தால் அதை நூறு ரூபாய் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு ரூபாயில் ரிசர்வ் வங்கியின் பெயரும், இதைக் கொண்டு வருபவருக்கு நூறு ரூபாய் தருவதாக வாக்களிக்கும் வாசகமும், அதன் கீழே ஆளுநரின் கையெழுத்தும் இருக்கும். ஒரு ரூபாயில் இந்திய அரசின் பெயர் இருக்கும், நிதிச் செயலர் கையெழுத்திட்டிருப்பார், வாக்குறுதி மட்டும் இருக்காது. சட்டத்தின் கண்ணில் அது காகிதத்தில் அச்சடித்த நாணயம்; 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அதை நாணயத்தோடுதான் சேர்க்கிறது. நாணயம் வெளியிடுவது மத்திய அரசின் வேலை. மற்ற நோட்டுகளை வெளியிடும் தனியுரிமையை 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அந்த வங்கிக்குத் தருகிறது. எனவே உங்கள் கையில் உள்ள நூறு ரூபாய் உங்களுக்குச் சொத்து, ரிசர்வ் வங்கியின் கணக்கிலோ கடன். அதற்கு மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது என்பது 26ஆம் பிரிவு. நோட்டோ, பத்திரமோ, அறிக்கையோ எது கைக்கு வந்தாலும், கையெழுத்து யாருடையது, வாக்குறுதி என்ன என்ற இரண்டையும் முதலில் பார்க்கும் பழக்கம் நல்லது.

திருநெல்வேலி, மளிகைக் கடைக்காரர்: பத்து ரூபாய் நாணயம் செல்லுமா, செல்லாதா?

செல்லும். 14 வடிவங்கள் வெளியாகியுள்ளன, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் செய்திக்குறிப்பே வெளியிட்டது. வாட்ஸ்ஆப்பில் வந்ததை விட்டுவிட்டு, தேதியும் எண்ணும் உள்ள செய்திக்குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

தஞ்சாவூர், ஆசிரியர்: அரசு கடன் வாங்குகிறது என்று நாள்தோறும் படிக்கிறோம். யாரிடம், எப்படி வாங்குகிறது?

பெரும்பாலும் ஏலத்தில் வாங்குகிறது. அந்த ஏலத்தை அரசுக்காக ரிசர்வ் வங்கி நடத்துகிறது. குறுகிய காலத் தேவைக்கு 91, 182, 364 நாள் டிரஷரி பில்கள் உண்டு. அவற்றின் ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை. இவற்றுக்குத் தனியாக வட்டி கிடையாது. நூறு ரூபாய் முகமதிப்புள்ள 91 நாள் பில்லை 98 ரூபாய் 40 காசுக்கு எடுத்தால், தவணை முடிந்ததும் நூறு ரூபாய் வரும். அந்த 1 ரூபாய் 60 காசு ஆண்டுக்கணக்கில் சுமார் 6.5 சதவீத வட்டிக்குச் சமம். நீண்ட காலப் பத்திரத்தின் பெயரிலேயே வட்டியும் முதிர்வு ஆண்டும் இருக்கும். ‘7.10% ஜிஎஸ் 2034’ (ஜிஎஸ் என்பது அரசுப் பத்திரம்) என்றால், 10,000 ரூபாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 355 ரூபாய் வட்டி, 2034இல் அசல். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி ஆகியவையே பெரிய வாடிக்கையாளர்கள். தனிநபர்களுக்காக ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெயில் டைரக்ட் கணக்கின் வழியாக நீங்களும் 10,000 ரூபாய் முதல் வாங்கலாம். மாநில அரசுகளின் பத்திர ஏலம் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை. மத்திய அரசுக்குப் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க மத்திய அரசின் ஒப்புதல் தேவை என்கிறது அரசியலமைப்பின் 293ஆவது பிரிவு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நடக்கும் கடன் வாதங்களைப் பின்தொடர இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும்.

சேலம்: பத்து ரூபாய் நாணயத்தில் ரூபாய் குறியீடு இல்லாவிட்டால்?

குறியீடு நாணயங்களில் வந்ததே 2011இல்தான். அதற்கு முந்தையவற்றில் எப்படி இருக்கும்? செல்லும்.

ஈரோடு: கடனை அடைக்க நோட்டு அச்சடித்துவிடலாமே?

கிட்டத்தட்ட அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். 1950களின் நடுவிலிருந்து, அரசின் கணக்கில் இருப்பு குறைந்தபோதெல்லாம் ‘அட் ஹாக்’ என்ற தனி டிரஷரி பில் ரிசர்வ் வங்கியின் பெயருக்கு எழுதப்பட்டது. வங்கி பணம் கொடுத்தது. அதன் வட்டி 4.6 சதவீதத்திலேயே பல ஆண்டுகள் நின்றது. ஏலமும் இல்லை, மறுப்பவரும் இல்லை. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகி விலைவாசியை ஏற்றியது. 1994இலும் 1997இலும் அரசும் வங்கியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1997 ஏப்ரலோடு அதை முடித்தன. அரசுப் பத்திரங்களை நேரடி வெளியீட்டில் ரிசர்வ் வங்கி எடுப்பதும் 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி 2006 ஏப்ரலில் நின்றது.

சென்னை, பட்டயக் கணக்காளர்: முன்வாசலை மூடிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார்கள் என்று சொல்லுங்கள். 2021இல் ரிசர்வ் வங்கி ஜி-சாப் என்ற பெயரில் சந்தையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு லட்சம் கோடி, அடுத்த காலாண்டில் 1.2 லட்சம் கோடி வாங்கினார்கள். அதற்குக் கொடுத்தது புதிதாகப் படைத்த பணமே. ஆனால் எப்போது, எவ்வளவு வாங்குவது என்பதை முடிவு செய்தது வங்கி. அட் ஹாக் முறையில் பேனா அரசின் கையில் இருந்தது.

அதே கணக்காளர்: ஏலத்தில் வங்கிகள் துணிந்து எடுப்பதே, பிறகு ரிசர்வ் வங்கி வாங்கிக்கொள்ளும் என்ற தைரியத்தில்தானே?

அதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் உங்கள் கட்சிக்கு நானே எடுத்துத் தருகிறேன்: வங்கிகள் தங்கள் வைப்புகள் முதலான பொறுப்புகளில் 18 சதவீதத்தை எஸ்எல்ஆர் விதிப்படி பெரும்பாலும் அரசுப் பத்திரங்களாகவே வைத்திருக்க வேண்டும். இப்படிக் கட்டாயத்தால் வரும் வாடிக்கையாளரை வைத்து நடக்கும் ஏலத்தைச் சுத்தமான சந்தை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும், விலை வாராவாரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; கேட்கும் வட்டி ஏறினால் நிதியமைச்சகத்துக்கு வலிக்கிறது. 4.6 சதவீதக் காலத்தில் அந்த வலியே தெரியாமல் இருந்தது. நான் காணும் வேறுபாடு இதுதான். நீங்கள் ஏற்காவிட்டாலும் குற்றமில்லை.

ஓசூர்: நீங்கள் இருவரும் பேசுவது இருக்கட்டும், ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகத் தங்கம் இருக்கிறதல்லவா?

இல்லை. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நோட்டு வெளியீட்டுக்குத் தங்கமும் அந்நியப் பத்திரமுமாக 200 கோடி ரூபாய், அதில் தங்கம் 115 கோடி ரூபாய்க்கு இருந்தால் போதும். புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் மதிப்போ 30 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். மீதிக்கு ஈடாக நிற்பவை பெரும்பாலும் பத்திரங்களே.

மதுரை, ஓய்வுபெற்றவர்: வைப்பு நிதியைப் போலத்தான் என்று சொல்லி ஒரு கிளையில் ‘பெர்பெச்சுவல்’ பத்திரம் கொடுத்தார்கள். பயப்பட வேண்டுமா?

அது வைப்பு நிதி அன்று. வங்கி தன் மூலதனத்துக்காக வெளியிடும் ஏடி-1 வகைப் பெர்பெச்சுவல் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதி கிடையாது, வட்டியை நிறுத்தும் உரிமை வங்கிக்கு உண்டு, வங்கி நொடிக்கும் நிலை வந்தால் அசலையே எழுதித் தள்ளிவிடலாம். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீட்கப்பட்டபோது 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் அப்படி எழுதித் தள்ளப்பட்டன. வைப்பாளர்களின் பணத்துக்குச் சேதம் இல்லை. வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, இந்தப் பத்திரத்துக்கு ஒரு காசும் கிடையாது. அதிகாரி வாயால் சொன்னது வாக்குறுதி ஆகாது. நீங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தை எடுத்து முழுவதும் படியுங்கள்.

காரைக்குடி: கரையான் அரித்த 500 ரூபாய் நோட்டை மாற்ற முடியுமா?

உடையாமல் மிஞ்சிய பெரிய துண்டு பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. ஒட்டுப் போடாமல் அப்படியே கிளைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பாட்டி சோற்றுப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்த நோட்டுகளை ஈரத்துணியால் பிரித்தெடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

புதுச்சேரி, இதழியல் மாணவர்: வட்டி விகித அறிவிப்பை எப்படிப் படிப்பது?

முந்தைய அறிவிப்பைப் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களை அடிக்கோடிடுங்கள். 2022 ஏப்ரலில், வட்டியைத் தீர்மானிக்கும் நாணயக் கொள்கைக் குழு, தளர்வான (வட்டியைத் தாழ்வாக வைக்கும்) நிலைப்பாடு தொடரும் என்று சொல்லிவிட்டு, அதே வாக்கியத்தில் தளர்வைத் திரும்பப் பெறுவதில் கவனம் செலுத்துவதாகவும் சேர்த்தது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத கூட்டத்துக்குப் பிறகு, ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆனது. கூட்டக் குறிப்புகள் 14ஆம் நாள் வெளியாகும். எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது அவற்றில் இருக்கும்.

எனக்கு ஒரு குறை உண்டு. பணவீக்கம் மூன்று காலாண்டுகள் தொடர்ந்து இலக்கின் மேல்வரம்பான 6 சதவீதத்தைத் தாண்டினால், காரணத்தையும் பரிகாரத்தையும் ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத வேண்டும். 2022இல் அந்த நிலை வந்தது, நவம்பரில் குழு தனியாகக் கூடியது, கடிதமும் போனது. ஆனால் அதைப் பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. வெளியிடச் சொல்லிச் சட்டத்தில் வரி இல்லை என்பது உண்மைதான். இலக்குத் தவறியதால் அதிக விலை கொடுத்தவர்களுக்கு அதைப் படிக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

விழுப்புரம்: தங்கப் பத்திரம் வாங்கலாமா, நிலம் வாங்கலாமா?

பதிவு பெற்ற நிதி ஆலோசகரைக் கேளுங்கள்.

நாகர்கோவில்: பேருந்தில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள். கையெழுத்தைப் பார் என்கிறீர்கள். நாணயத்தில் கையெழுத்தே இல்லையே?

மூன்றாவது முறையாக: செல்லும். கையெழுத்துக்குப் பதில் நாணயத்தில் அசோகர் சிங்கம் இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே கூர்ந்து பாருங்கள், எந்த ஆலையில் அடித்தது என்பதும் தெரியும்: புள்ளி என்றால் நொய்டா, வைர வடிவம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். குறியே இல்லாவிட்டால் அது கொல்கத்தாவில் அடித்தது. கள்ள நாணயம் என்று நடத்துநரிடம் ஒப்புக்கொண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.