ஒவ்வொரு பங்குக்கும் ஓர் உருபு வேண்டுமா?

கேள்வி: நான் உருவாக்கிவரும் புனைமொழியில் செய்பவர், செயலுக்கு உள்ளாவது, உணர்பவர், கருவி, பெறுபவர் என ஒவ்வொரு பங்குக்கும் தனி உருபு வைத்திருக்கிறேன். 'காற்று கதவைத் திறந்தது' என்பதில் காற்றுக்கு எதைப் போடுவது? 'அவள் பயந்தாள்' என்பதிலும் இதே குழப்பம். இன்னும் சில உருபுகளைச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். காற்றுக்கென்று ஒன்று சேர்த்தால், அடுத்து 'செய்தி அவளைப் பயமுறுத்தியது' வந்து நிற்கும். பங்குகள் வினையின் பொருளிலிருந்து பிறப்பவை, எண்ணி முடியாது. யார் எவர் என்று வாக்கியத்துக்குள் பிரித்துக் காட்டினாலே உருபின் வேலை முடிந்தது.

சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி, காரகங்கள் எனப்படும் ஆறு பங்கு வகைகளை ஒரு பக்கமும் வேற்றுமை விகுதிகளை மறுபக்கமும் வைத்தார். சமஸ்கிருதத்தில் செய்வினையில் முதல் வேற்றுமையில் நிற்கும் கர்த்தா, அதாவது செய்பவர், செயப்பாட்டுவினையில் மூன்றாம் வேற்றுமைக்கு மாறும். பங்கு மட்டும் அப்படியே இருக்கும். தொல்காப்பியமோ வினைமுதல் (செய்பவர்), கருவி இரண்டையும் மூன்றாம் வேற்றுமையிலேயே அடக்குகிறது.

முதலில் மூன்று வாக்கியங்களை உங்கள் மொழியில் எழுதுங்கள்: 'அவள் ஓடினாள்', 'அவள் கல்லை உடைத்தாள்', 'கல் உடைந்தது'. ஓடியவளும் உடைத்தவளும் உடைந்த கல்லும் ஒரே வடிவம் பெற்றால், அது தமிழின் வழி. ஓடியவளும் உடைந்த கல்லும், உடைக்கப்பட்ட கல்லைப் போலவே நின்று, உடைத்தவள் மட்டும் தனி உருபு ஏற்றால், அது பாஸ்க் மொழியின் வழிக்கு நெருக்கம். மூன்றாவது வழியும் உண்டு: ஓடியவள் உடைத்தவளோடு சேர்வாள், உடைந்த கல் உடைபட்டதோடு சேரும். பங்குகள் மீது இவ்வளவு பிடிப்புள்ள உங்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் அங்கே பயந்தவள் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவை இலக்கணத்தில் பொதுவிதியாக எழுத வேண்டாம். அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் எழுதுங்கள். தமிழிலேயே 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்கிறோம். ஆனால் 'நான் பயந்தேன்'. மூவரும் உணர்பவர்களே, உருபை வினை தேர்ந்தெடுக்கிறது. லோஜ்பான் என்ற புனைமொழி இதை முழுமையாகச் செய்கிறது: செல்லுதலைக் குறிக்கும் 'கிலாமா'வுக்கு செல்பவர், சேருமிடம், புறப்பட்ட இடம், வழி, ஊர்தி என ஐந்து இடங்கள் வரிசையாக வகுக்கப்பட்டுள்ளன.

காற்றுக்கு, கல்லை உடைத்தவளின் வடிவத்தையே கொடுங்கள். கருவியை மட்டும் தனியே யோசியுங்கள்: 'சாவியால் திறந்தாள்' என்பதில் அவளை நீக்கிவிட்டால், சாவி எழுவாய் ஆகலாமா? தமிழில் காற்று இயல்பாக ஆகும், சாவி அவ்வளவு எளிதில் ஆகாது.