உட்கார் என்றால் ஏன் எழுகிறார்கள்?

வாசகர் கேள்விகளுக்கு, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் 34 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டாம் வகுப்பு, 38 பிள்ளைகள். ‘உட்கார், உட்கார்’ என்று கத்தியே மதியத்துக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. நான் கத்தக் கத்த எழுந்து நிற்பவர்கள்தான் கூடுகிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா அம்மா?

பதில்: இல்லை. 1968-ல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சிலர் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளிடம் ‘உட்கார்’ என்பதை வழக்கத்தைவிட அதிகமாகச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நிற்பது கூடியது. பிறகு, உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டச் சொன்னார்கள். எழுந்து நிற்பது குறைந்தது. நம்மை ஏமாற்றுவது எது தெரியுமா? ‘உட்கார்’ என்றதும் அந்தப் பிள்ளை அப்போதைக்கு உட்கார்ந்துவிடுகிறது. பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்புகிறோம். எழுந்தால் டீச்சர் தன்னைப் பார்க்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதை அது குறித்து வைத்துக்கொள்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஒருநாள் மாலை என் கையில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தார். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று வரிசையாகப் போட்டிருந்தார். அன்று ஒரே பாடவேளையில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று நான் கத்தியது 41 முறை. பாடவேளை 40 நிமிடம். “உன் பிள்ளைகள் கேட்டார்களோ இல்லையோ, என் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் நடந்துபோவார். குனிவார். அதன் காதுக்கு மட்டும் எட்டும்படி பெயரைச் சொல்லி, “மூன்றாவது கணக்கைப் போடு” என்பார். உடனே நகர்ந்துவிடுவார். அந்த நகர்தலை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. அதில்தான் சூட்சுமம். பக்கத்திலேயே நின்று முறைத்தால், மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது ஏதாவது செய்தாக வேண்டும். நகர்ந்துவிட்டால் சத்தமில்லாமல் கணக்கைப் போட்டுவிடலாம். ஊரறியக் கண்டிப்பதைவிடக் காதோடு கண்டிப்பதற்குப் பலன் அதிகம் என்று 1970-ல் வெளிவந்த ஓர் ஆய்வும் சொன்னது. அவர் அதைப் படித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் கூச்சல் எந்த நிமிடத்தில் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பாடத்தின் நடுவில் இருக்காது. ஒரு நோட்டை மூடி இன்னொன்றை எடுக்கும்போது, நீங்கள் சுண்ணக்கட்டி தேடும்போது, ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டு மற்ற 37 பேருக்கும் முதுகு காட்டும்போது கிளம்பும். ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளர் 1960-களில் வகுப்பறைகளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். நல்ல ஆசிரியரும் திணறுகிற ஆசிரியரும் குறும்பு நடந்த பிறகு கண்டிக்கிற விதத்தில் அவருக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது நடப்பதற்கு முன்னால்தான் வேறுபட்டார்கள். யார் என்ன செய்கிறார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு இருந்தது; ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு வகுப்பு தடங்கலில்லாமல் நகர்ந்தது. எனவே மணி அடிப்பதற்கு முன்பே அடுத்த வேலையைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். நோட்டுகளை வரிசைக்கு ஒருவர் கொடுக்கட்டும். திருத்தும்போது சுவரோரமாக, வகுப்பைப் பார்த்தபடி நில்லுங்கள். பாராட்டையும் ‘சமர்த்து’ என்று பொதுவாக வீசாமல், “நான் சொல்லாமலே நோட்டைத் திறந்துவிட்டாய்” என்று செயலைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனை உதைப்பான், பென்சிலைப் பிடுங்குவான். வெளியே நிறுத்தினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆனால் மறுநாளும் அதேதான். தண்டனையை இன்னும் கடுமையாக்க வேண்டுமா?

பதில்: அவன் உதைப்பது எந்தப் பாடவேளையில் என்று எழுதவில்லையே! முதலில் அதைப் பாருங்கள்.

நானும் ஒருவனை வாரக்கணக்கில் வெளியே நிறுத்தினேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால், எதிரே சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிம்மதியாக நிற்கிறான். ஒரு வரிக்கு எத்தனை செங்கல் என்று கேட்டேன். சரியாகச் சொன்னான். பிறகுதான் உறைத்தது: அவன் வெளியே போன நாள்களில் எல்லாம் கரும்பலகையில் வாசித்துப் புரிந்துகொண்டு போட வேண்டிய எழுத்துக் கணக்கு இருந்தது. எண்ணத் தெரிந்தவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. மாட்டிக்கொள்வதற்கு முன் பக்கத்துப் பையனை ஓர் உதை விட்டால் டீச்சரே வெளியே அனுப்பிவிடுவார். நான் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை. அதைத் தினமும் என் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு கணக்கை நான் வாசிப்பேன், அவன் போடுவான். வாசிப்புக்குத் தனியாகப் பத்து நிமிடம். உதைப்பது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. உதைத்தால் வெளியே அனுப்பாமல் முன் பெஞ்சுக்கு, என் மேசைக்குப் பக்கத்தில் மாற்றினேன். கணக்கை அங்கே உட்கார்ந்து முடிக்க வேண்டும். உதைபட்ட பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். அவனிடம் முதலில் போய் “வலிக்கிறதா?” என்று கேளுங்கள். நாம் பெரும்பாலும் உதைத்தவனிடம்தான் ஓடுகிறோம்.

கேள்வி: சுவரில் அட்டை ஒட்டி, நல்ல பிள்ளைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நல்ல வழிதானே?

பதில்: எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1973-ல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைந்தது, பரிசு பற்றிய பேச்சே இல்லாத குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். தானாகச் செய்வதற்குக் கூலி பேசாதீர்கள். கசக்கிற வேலையைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாள் நட்சத்திரம் உதவும். பிறகு மெல்ல நிறுத்திவிடுங்கள். சுவர் அட்டை வேண்டவே வேண்டாம். அதில் வெறுங்கட்டம் யாருடையது என்பதைத்தான் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள்.

கேள்வி: ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கள்’ என்று சொல்லித்தான் என் அப்பா என்னைப் பள்ளியில் விட்டார். அடியாத மாடு படியாது. இன்றைய ஆசிரியர்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

பதில்: மாட்டுக்கு வாய்ப்பாடு தெரிய வேண்டியதில்லை ஐயா. பிரம்பு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது, பிரம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க மட்டும்தான். ஆசிரியர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பு என்ன ஆகிறது என்று போய்ப் பாருங்கள். இது இன்றைய பயமும் இல்லை. போலந்து 1783-லேயே பள்ளிகளில் அடிப்பதைத் தடைசெய்தது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28-வது பிரிவு சொல்கிறது. அடிபட்டும் நீங்கள் நன்றாக வந்திருக்கிறீர்கள். உங்களோடு அடிபட்டு, பாதியில் பள்ளியை விட்டு நின்றவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

கேள்வி: நான் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொல்லி வகுப்புத் தலைவனை நிறுத்துகிறேன். தவறா?

பதில்: அந்தப் பட்டியலில் அவனுடைய நண்பன் பெயர் எப்போதாவது வந்திருக்கிறதா? ஏழு வயதுப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை வேலை வேண்டாம். போவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுங்கள். திரும்பி வந்ததும் அதைப் பாருங்கள்.

கேள்வி: நேற்று ஒரு சிறுமியைத் தவறாகக் கத்திவிட்டேன். தண்ணீரைக் கொட்டியது அவள் இல்லை என்று பிறகு தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமா? வகுப்பின் முன்னால் கேட்டால் மரியாதை போய்விடாதா?

பதில்: கத்தியது வகுப்பின் முன்னால். கேட்பதும் அங்கேதான். “நேற்று நான் சரியாகப் பார்க்காமல் உன்னைத் திட்டிவிட்டேன், தவறு என்னுடையது” என்று சொல்லுங்கள். ‘ஆனால்’ என்று இழுக்காதீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். பாடத்தைத் தொடங்கிவிடுங்கள்.