முன்னாள் கணவர் நியூ ஜெர்சியில், நானும் மகளும் டெக்சாஸில்: சைல்ட் சப்போர்ட் தொகையைக் கூட்டிக் கேட்க எந்த கோர்ட்டுக்குப் போவது?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இது. நியூ ஜெர்சியில் விவாகரத்து ஆகி, சைல்ட் சப்போர்ட் ஆர்டரும், அதாவது மகளை வளர்க்க அவர் பணம் தர வேண்டும் என்ற கோர்ட் உத்தரவும், அங்கேயே போட்டார்கள். பிறகு வேலை மாறி மகளோடு டெக்சாஸ் வந்துவிட்டீர்கள். முன்னாள் கணவர் இன்னும் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில்தான் இருக்கிறார், சம்பளம் நன்றாக ஏறிவிட்டது, வருகிற தொகை மட்டும் பழையதே. டெக்சாஸில் ஆறு மாதம் முடிந்தால் இங்குள்ள கோர்ட்டிலேயே கூட்டிக் கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அது சரியா என்கிறீர்கள்.

சரியில்லை. அவர் நியூ ஜெர்சியில் குடியிருக்கும்வரை, நீங்கள் டெக்சாஸில் பத்து வருடம் இருந்தாலும், அந்தத் தொகையை மாற்றும் அதிகாரம் நியூ ஜெர்சி கோர்ட்டுக்குத்தான். நான் வக்கீல் இல்லை. என் ஆர்டர் இல்லினாய்ஸில் போட்டது, நானும் டெக்சாஸ்வாசி, இந்தச் சட்டத்தோடு சில வருடங்கள் மல்லுக்கட்டியவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அந்த ஆறு மாதக் கதை எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் வட்டாரத்தில் இது வாட்ஸ்அப் குழுவுக்குக் குழு பரவிக்கொண்டே இருக்கிறது. டெக்சாஸில் விவாகரத்து வழக்குப் போட ஆறு மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், அது ஒன்று. குழந்தை யாரிடம் இருப்பது என்ற கஸ்டடி விஷயத்தை முதல்முறை எந்த மாநிலம் தீர்மானிப்பது என்பதற்கும் ஒரு ஆறு மாதக் கணக்கு இருக்கிறது, குழந்தை கடைசியாக ஆறு மாதம் எங்கே வாழ்ந்ததோ அதுதான் சொந்த மாநிலம் என்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிப் பணத்துக்கும் அதே கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கஸ்டடிக்குக் குழந்தை எங்கே என்று பார்ப்பார்கள். பணத்துக்கு, கட்ட வேண்டியவர்மீது அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறதா, ஏற்கெனவே ஆர்டர் போட்ட மாநிலம் எது என்று பார்ப்பார்கள். ஒரே குடும்பம், ஒரே குழந்தை, ஆனால் கஸ்டடி ஒரு மாநிலத்திலும் பணம் இன்னொரு மாநிலத்திலும் நடப்பது இங்கே சகஜம்.

பணத்துக்கான சட்டத்தின் பெயர் யூனிஃபார்ம் இன்டர்ஸ்டேட் ஃபேமிலி சப்போர்ட் ஆக்ட், எல்லோரும் யுயிஃப்சா என்பார்கள். 1992இல் எழுதப்பட்டது. 1996இல் வந்த மத்திய அரசின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் எல்லா மாநிலங்களும் இதை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கு முன்பு, 1950இலிருந்து இருந்த பழைய ஏற்பாட்டில், அப்பா எந்த மாநிலத்துக்குப் போகிறாரோ அந்த மாநிலம் தன் பங்குக்கு ஒரு ஆர்டர் போடும். ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று மாநிலங்களில் வெவ்வேறு தொகை, எது செல்லும் என்று யாருக்கும் தெரியாது. அதை ஒழிக்கத்தான் ஒரு நேரத்தில் ஒரே ஆர்டர் என்ற விதி வந்தது.

அந்த விதியின்படி அப்பா, அம்மா, குழந்தை, இந்த மூவரில் ஒருவராவது ஆர்டர் போட்ட மாநிலத்தில் குடியிருந்தால், மாற்றும் அதிகாரம் அந்த மாநிலத்தைவிட்டுப் போகாது. உங்கள் விஷயத்தில் அவர் ஒருவர் எடிசனில் இருப்பதே போதும். நீங்கள் இருவரும் சம்மதித்து, டெக்சாஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்று நியூ ஜெர்சி கோர்ட்டில் எழுத்தில் பதிவு செய்தால் மாற்றலாம். தொகையைக் கூட்டுவதற்காக அவர் அப்படிக் கையெழுத்துப் போடுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் இன்னொரு குறுக்கு யோசனையும் சிலர் சொல்வார்கள்: மகளைப் பார்க்க அவர் டாலஸ் வரும்போது ஏர்போர்ட்டிலேயே சம்மனைக் கையில் கொடுத்துவிட்டால் டெக்சாஸுக்கு அதிகாரம் வந்துவிடும் என்று. முதல்முறை ஆர்டர் கேட்பவருக்கு இது பலிக்கும். 1990இல் பர்னம் வழக்கில், கலிஃபோர்னியாவுக்கு வேலையாக வந்து அப்படியே பிள்ளைகளையும் பார்க்கப் போன நியூ ஜெர்சிக்காரருக்கு அங்கேயே விவாகரத்து சம்மன் கொடுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வேறு மாநிலம் ஏற்கெனவே போட்ட ஆர்டரை மாற்ற இந்த வழி உதவாது என்று யுயிஃப்சாவே தெளிவாகச் சொல்கிறது. அதனால் ஏர்போர்ட் நாடகம் உங்களுக்குத் தேவையில்லை.

நியூ ஜெர்சியில் கேட்பதற்காக நீங்கள் அங்கே பறந்து போக வேண்டியதும் இல்லை. வெளிமாநிலத்தில் இருப்பவர் நேரில் வர வேண்டும் என்று கோர்ட் வற்புறுத்தக் கூடாது, ஃபோனிலோ வீடியோவிலோ சாட்சி சொல்ல விட வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. என் வழக்கில் இல்லினாய்ஸ் விசாரணை முழுவதும் ஆபீஸ் மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்தபடி முடிந்தது.

போக இரண்டு வழி. ஒன்று, ஆர்டர் போட்ட கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) குடும்ப கோர்ட்டில் நீங்களே மனுப் போடுவது. எடிசன் இருப்பது மிடில்செக்ஸ் கவுன்டி, ஆர்டரும் அங்கே போட்டதாக இருந்தால் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது அந்த கோர்ட். இன்னொன்று, டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) அலுவலகத்தின் சைல்ட் சப்போர்ட் பிரிவில் விண்ணப்பித்தால் அவர்கள் நியூ ஜெர்சிக்கு அனுப்பிவைப்பார்கள். இரண்டாவதில் வக்கீல் செலவு மிச்சம், ஆனால் ஒரு மாநில அலுவலகம் இன்னொரு மாநில அலுவலகத்துக்கு எழுதி, அங்கிருந்து ஒரு ஃபாரம் குறைகிறது என்று திரும்பி வந்து, மாதங்கள் ஓடும். நானாக இருந்தால் முதல் வழியில்தான் போவேன். காரணம், தொகை கூட்டுவது மனுப் போட்டு அவருக்கு நோட்டீஸ் போன பிறகுள்ள காலத்துக்குத்தான். அவருக்கு மூன்று வருடம் முன்பே சம்பளம் ஏறியிருந்தாலும் அந்த மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டுக் கேட்க முடியாது. 1986இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இது, இரண்டு பக்கமும் வெட்டும். அவரும் பழைய பாக்கியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாது.

நியூ ஜெர்சியில் சூழ்நிலை கணிசமாக மாறியிருப்பதைக் காட்ட வேண்டும், நீங்கள் சொல்கிற சம்பள உயர்வு அதற்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆர்டருக்கு மூன்று வருடம் ஆகியிருந்தால் மாற்றத்தை நிரூபிக்காமலே மறுபரிசீலனை கேட்கவும் வழி உண்டு. அப்புறம் ஒன்று: பணம் ப்ரொபேஷன் பிரிவு, அதாவது சைல்ட் சப்போர்ட்டை வசூலித்துக் கொடுக்கும் நியூ ஜெர்சி கோர்ட்டின் பிரிவு, வழியாக வருகிறது என்றால் விலைவாசிக்கேற்ப இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொகை தானாகவே கொஞ்சம் ஏற வேண்டும். அதுகூட நடக்காமல் பழைய தொகையே வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். மனுப் போட்டால் உங்கள் வருமானமும் கணக்கில் வரும் என்பதையும் மறக்காதீர்கள், டெக்சாஸ் வந்து உங்கள் சம்பளமும் ஏறியிருந்தால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவு கூடாமல் போகலாம்.

நியூ ஜெர்சியிலேயே கிடப்பது உங்களுக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ் கணக்கில் ஒரு குழந்தைக்கு, கட்டுபவரின் நிகர வருமானத்தில் 20 சதவீதம், அதுவும் ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, பொதுவாக 18 வயது அல்லது பள்ளிப் படிப்பு முடியும்வரை. நியூ ஜெர்சியில் 19 வயதுவரை, காலேஜில் முழுநேரம் படித்தால் கேட்டு வாங்கி 23வரை நீட்டிக்கவும் முடியும். எத்தனை வயதுவரை என்பதை முதலில் ஆர்டர் போட்ட மாநிலத்தின் சட்டமே தீர்மானிக்கும், பின்னாளில் வேறு மாநிலம் தொகையை மாற்றினாலும் அந்த வயது மாறாது. மகளுக்கு இப்போது பத்து வயது என்றால் இது சின்ன வித்தியாசமா சொல்லுங்கள்.

வசூல் செய்வது வேறு விஷயம், அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நியூ ஜெர்சி ஆர்டரை எந்த மாநிலத்திலும் பதிவு செய்து அமல்படுத்தலாம். சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் ஆர்டரை வேறு மாநிலத்துக் கம்பெனிக்கு நேரடியாகவே அனுப்பலாம், பதிவுகூட வேண்டாம். வேலை மாறினாலும், புதிதாகச் சேர்ந்தவர் விவரத்தை எல்லாக் கம்பெனிகளும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், அது தேசியப் பட்டியலுக்குப் போய் நாடு முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மகளைப் பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை என்ற சாக்கும் இந்த விசாரணையில் எடுபடாது.

சரி, அவர் நாளைக்கே கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறிப் போய்விட்டால்? அப்போது நியூ ஜெர்சியில் யாரும் மிச்சமில்லை, மாற்றும் அதிகாரமும் அங்கே இல்லை. பழைய ஆர்டர் மட்டும் உயிரோடு இருக்கும். மாற்றம் கேட்பவர் எதிராளியின் ஊருக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்: கூட்ட வேண்டுமென்றால் நீங்கள் கலிஃபோர்னியா கோர்ட்டில், குறைக்க வேண்டுமென்றால் அவர் டெக்சாஸ் கோர்ட்டில். சொந்த ஊர் கோர்ட்டின் சலுகை யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. என் முன்னாள் கணவர் ஜார்ஜியா போன பிறகு எனக்கு இதுதான் ஆயிற்று, இல்லினாய்ஸ் ஆர்டரின் சான்றிட்ட நகல் வாங்கி, ஜார்ஜியாவில் பதிவு செய்து, அங்கே மனு. அவரும் டெக்சாஸுக்கே வந்துவிட்டால் மட்டும் டெக்சாஸ் மாற்றலாம். மனுப் போட்ட அன்று யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு, அதனால் அவர் இடம் மாறப்போகிறார் என்று காதில் விழுந்தால் அதற்கு முன்பே நியூ ஜெர்சியில் போட்டுவிடுவது நல்லது.

இன்னும் ஆர்டரே வாங்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1978இல் குல்கோ வழக்கு என்று ஒன்று. நியூயார்க்கில் வாழ்ந்த தம்பதி பிரிந்து, மனைவி கலிஃபோர்னியா போய்விட்டார். மகள் அம்மாவோடு இருக்க ஆசைப்பட்டதால் அப்பாவே ஒருவழி விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதைக் காட்டி, கலிஃபோர்னியா கோர்ட் அவரிடம் கூடுதல் பணம் கேட்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மகளின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்த அப்பாவை அதற்காகவே மூவாயிரம் மைல் தாண்டி வழக்காட வைப்பது நியாயமில்லை என்பது வாதம். படிக்கும்போது அம்மா பக்கம் மனசு போனாலும், தீர்ப்பு சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆக, அவர் உங்கள் மாநிலத்தில் குழந்தையோடு எப்போதாவது வாழ்ந்திருந்தால் அங்கேயே கேட்கலாம், இல்லாவிட்டால் பெரும்பாலும் அவர் இருக்கும் மாநிலத்தில்தான்.

அவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அதுதான் கஷ்டமான இடம். வெளிநாடுகளுக்கிடையே சைல்ட் சப்போர்ட் வசூலிக்க 2007இல் செய்த ஹேக் ஒப்பந்தத்தில் அமெரிக்கா 2017இலிருந்து இருக்கிறது, இந்தியா இல்லை. நியூ ஜெர்சி ஆர்டரை அப்படியே சென்னை கோர்ட்டில் அமல்படுத்த முடியாது, அதை ஆதாரமாக வைத்து அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தால் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டார்கள் என்ற விதியும் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குத்தான், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரை அது ஒன்றும் செய்யாது. அவர் இங்கே விட்டுப் போகும் வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சேமிப்பு, வீடு இவற்றின் விவரம் உங்களிடம் இருந்தால் அதில் கைவைக்கலாம், அதனால் விவாகரத்தின்போது அவர் தாக்கல் செய்த சொத்து விவரத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வக்கீல் வைப்பதென்றால் டெக்சாஸ் வக்கீலிடம் போக வேண்டாம், நியூ ஜெர்சியில் குடும்ப வழக்கு பார்க்கும் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் காசு கொடுத்து, ஆர்டரையும் உங்கள் கடைசி மூன்று வருட வரிக் கணக்கையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.