கேம்பர் வேனின் தண்ணீர் லைனைப் பனிக்காலத்துக்கு எப்படித் தயார் செய்வது? நெல்லையில் சும்மா நிறுத்தி வைத்தாலும் அது தேவையா?

படுக்கை, சிங்க், ஷவர் எல்லாம் வைத்துக் கட்டிய கேம்பர் வேனில் டிசம்பர் கடைசியில் காஷ்மீர் போகிறீர்கள், தொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் போதும் என்று நினைத்தவன்தான்.

நெல்லை வண்ணார்பேட்டைப் பக்கம் 22 வருஷமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர் மோட்டார், ஜெட் பம்பு, ஏர்கூலர் பம்பு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவன் பம்பே பனியில் பிளந்தது என்றால் கடைத்தெருவில் எப்படிச் சொல்வது? இவ்வளவு நாள் சொல்லவில்லை.

அது ஒரு அக்டோபர் கடைசி. டிராவலர் வேனை மாற்றிக் கட்டிய வண்டி. ஆர்சியில் முறைப்படி ஏற்றிய வண்டிதான், அதைப் பற்றிக் கீழே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மணாலி தாண்டி, அடல் சுரங்கத்துக்குள் 9 கிலோமீட்டர் ஓட்டி, அந்தப் பக்கம் கேலாங்கில் ராத்தங்கல். 10,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். டீக்கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "பானி நிகாலோ", அதாவது தண்ணீரை எடுத்துவிடு என்று கையைக் கவிழ்த்துக் காட்டினார். நமக்குத் தெரியாத பம்பா என்று தலையை ஆட்டிவிட்டு, தொட்டி வால்வைத் திறந்து மொத்தத்தையும் ஓட விட்டேன். படுத்துத் தூங்கியும் விட்டேன்.

காலையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதில் ஆளை ஏமாற்றுவதே அதுதான். விரிசல் விட்ட இடத்தை ஐஸே அடைத்துக்கொண்டு நிற்கும். பதினோரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு புதுத் தண்ணீர் ஊற்றிப் பம்பைப் போட்டேன். "ஏங்க, மெத்தைக்கு அடியில என்னமோ சீறுது" என்றாள் என் மனைவி. கட்டில் பலகையைத் தூக்கினால் ஃபில்டர் கிண்ணம் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டதுபோல் பிளந்திருந்தது. உள்ளே தண்ணீரை வடிகட்டும் கார்ட்ரிஜைச் சுற்றி வளையல் மாதிரி ஐஸ், இன்னும் கரையாமல். பம்பின் தலைப்பக்கம் திருகுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல். சேறு ஏறி, காயில் எரிந்து செத்த பம்புகளைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். குளிரில் செத்ததை அன்றுதான் கையில் பிடித்தேன்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பாதித் தொட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, மேலே இடம் இருக்கிறது. ஃபில்டர் கிண்ணம், பம்பின் தலை, குழாய்த் திருகு, ஷவர் ஹோஸ், இவற்றில் ஏது இடம்? தொட்டியைக் காலி செய்தாலும் இந்த இடங்களில் தண்ணீர் அப்படியே நிற்கும். உங்கள் வேலை எல்லாம் இங்கேதான்.

நான் இப்போது செய்வது இது. கீசரை அணைத்து நன்றாக ஆற விடுவேன். சூட்டோடு வடிகால் மூடியைக் கழற்றினால் முகம் வெந்துவிடும். தொட்டியைக் காலி செய்துவிட்டு, சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் குழாய் எல்லாவற்றையும் திறந்து வைத்து, பம்பு காற்றடிக்கும்வரை ஓட்டுவேன். அப்புறம் லைனிலேயே தாழ்வான இடத்து வால்வுகளைத் திறக்க வேண்டும். ஷவர் ஹோஸைத் தரையில் போட வேண்டும், கொக்கியில் மாட்டி வைத்தால் வளைவில் தண்ணீர் நிற்கும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கார்ட்ரிஜை எடுத்துவிடுவேன். பம்பின் இரண்டு பக்க ஹோஸையும் பிடுங்கிவிட்டுச் சில விநாடி ஓட்டினால் உள்ளே இருப்பதைத் துப்பிவிடும். கடைசியாகக் காற்று. பஞ்சர் கடையில் அடிக்கலாம், ஆனால் அந்தக் கம்பிரஸர் லாரி டயருக்கானது. 30 பிஎஸ்ஐ தாண்ட விடாதீர்கள்.

சிங்குக்கு அடியில் வளைந்த குழாயில் மட்டும் தண்ணீர் போகவே போகாது. அதில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த, தண்ணீர் லைனுக்கென்றே விற்கிற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றலாம். காருக்கு வாங்குகிற கூலண்ட் வேண்டாம். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது விஷம். "நான் பத்து வருஷமா அதைத்தான் ஊத்துதேன்" என்று ஒருவர் வருவார். ஊற்றட்டும், அவர் வண்டியில் நான் காபி குடிக்க மாட்டேன்.

காஷ்மீரில் டிசம்பர் 21லிருந்து 40 நாள் சில்லாய் கலான், கடுங்குளிர். வீட்டுக் குழாயே உறைகிற காலம். என்னைக் கேட்டால் அங்கே லைனையே தொடாதீர்கள். காய்ந்தே கிடக்கட்டும். 20 லிட்டர் கேன் இரண்டை வண்டிக்குள் ஆள் படுக்கிற பக்கம் வையுங்கள், ஒரு வாளி, ஒரு கப்பு. வேன் கட்ட இத்தனை லட்சம் கொட்டியது இதற்கா என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள்.

நெல்லையில் நிறுத்துவதற்கு இது முழுவதும் தேவையில்லை. நம் ஊர் டிசம்பரில் தண்ணீர் உறையாது, வீட்டுக்குள் வரும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பார்த்தோமே. ஆனாலும் மாதக்கணக்கில் நிறுத்தினால் தொட்டியையும் லைனையும் காலி செய்து மூடியை இறுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பாசி வாடை ஏறும், மூடி சரியில்லை என்றால் டெங்குக் கொசு முட்டையிடும். உப்புத் தண்ணீர் பிடித்திருந்தால் கீசருக்குள் சுண்ணாம்பு கட்டும்.

இதையெல்லாம் செய்து வைத்தாலும் மச்சான் என்று ஒருவர் இருக்கிறாரே. "அத்தான், ஒரு நாள்தான், திருச்செந்தூருக்கு" என்று சாவியை வாங்கிப்போனார். பத்துப் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு, நாழிக்கிணறு பக்கத்திலேயே இருக்க, என் ஷவரில் வந்து மணலைக் கழுவியிருக்கிறார்கள். வடிகுழாயிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய மணல் எடுத்தேன். டீசல் போட்டாரா? இல்லை. "வண்டி சும்மாதானே கெடக்கு" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வேறு. இதைக் கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை, தெரியும்.

டயர் வால்விலிருந்து தண்ணீர் லைனுக்குக் காற்றுப் பிடிக்க நானே பித்தளையில் கடைந்த அடாப்டர் ஒன்று கடையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வண்ணார்பேட்டை வந்தால் எடுத்துப் போங்கள். பொங்கலுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.