நாட்டுத் தெச்சி என்று விற்றார்கள், நாட்டுச் செடிதானா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பேத்திக்குத் தலைக்கு எண்ணெய் காய்ச்சத் தெச்சிப்பூ வேண்டுமென்று, நர்சரியில் 'நாட்டுத் தெச்சி' என்று கேட்டு, செடி 120 ரூபாய் வீதம் மூன்று வாங்கினேன். ஆறு மாதமாகியும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. இதழ் நுனி உருண்டையாக இருக்கிறது, கொழுந்து மஞ்சளடிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இதழ் நுனியை நீங்களே கவனித்திருக்கிறீர்கள், பாதி பதில் அதில்தான் இருக்கிறது. தெச்சி என்பது நம் வெட்சிதான், இட்லிப்பூ என்போமே, அதற்கு நாலு இதழும் கூராக முடியும். நுனி உருண்டிருந்தால் பெரும்பாலும் சீன வகை, இல்லையென்றால் அதன் கலப்பு. இலையையும் பாருங்கள். நாட்டுச் செடியில் காம்பு இருப்பதே தெரியாது, இலையின் அடி அகலமாக வந்து தண்டோடு ஒட்டி நிற்கும். சீன வகையில் அடி குறுகிக் குட்டைக் காம்பில் முடியும். உயரத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், ஆறு மாதம் அதற்குப் போதாது.

மஞ்சளடிப்பதற்குக் கடைக்காரர் காரணமில்லை. பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே உங்கள் பக்கம் இருப்பது கேரளத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத கரிசல் மண், அதில் சுண்ணாம்பு அதிகம். வெட்சிக்குப் பிடித்ததோ புளிப்புத்தன்மையுள்ள செம்மண். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, அதனால்தான் கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் வெளுக்கிறது. ஒரு பிடி மண்ணைக் காயவைத்து மேலே கொஞ்சம் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். சரி, என்ன செய்வது? அந்த மண்ணோடு மல்லுக்கட்டாமல், பெரிய தொட்டியில் செம்மண்ணும் மட்கிய இலையும் கலந்து மாற்றி வையுங்கள். சிமெண்ட் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், அங்கேயும் சுண்ணாம்பு இறங்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) வாங்கி மண்ணில் போட்டால் சீக்கிரமே பயனில்லாமல் போய்விடும், செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள 'கீலேட்' இரும்பு என்று கேட்டு வாங்கி இலையில் தெளிப்பது மேல்.

இனி காசு விஷயம். பில் இருக்கிறதா, அதில் 'நாட்டுத் தெச்சி' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் பூவையும் இலையையும் படமெடுத்துக்கொண்டு போய் மாற்றிக் கேளுங்கள், ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வியாபாரம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். வெறுமனே 'செடி 3' என்று இருந்தால் நிரூபிப்பது கஷ்டம், 360 ரூபாய்க்காக அலைய வேண்டாம் என்பேன். அடுத்த முறை பூத்து நிற்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் வாங்குவானேன்? கூர் இதழ்ச் செடி பழைய வீட்டு வேலியோரமோ கோயில் பக்கமோ நிச்சயம் இருக்கும். கேட்டுவிட்டு, பென்சில் பருமனில் அரை முதிர்ந்த கொம்பை ஒரு சாண் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஆனி மாத மழையில் நிழலில் ஊன்றுங்கள். வேர்பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதமாகும்.

அப்புறம், இப்போதுள்ள மூன்று செடியிலும் நர்சரியில் என்ன மருந்து அடித்தார்களோ, நமக்குத் தெரியாது. அந்தப் பூவைக் குழந்தைக்கு எண்ணெய் காய்ச்ச எடுக்காதீர்கள்.