மீட்டர்கேஜ் பெட்டிக்கும் தள்ளு டிராலிக்கும் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஏலத்தில் போன பழைய மீட்டர்கேஜ் ரயில் பெட்டி ஒன்றும் தள்ளு டிராலி ஒன்றும் என் கைக்கு வந்திருக்கின்றன. இரண்டையும் பழையபடி ஆக்க ஆசை. உதிரிபாகங்களை எங்கே தேடுவது?

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். உடைந்துபோன பழைய சாமான்களை என்ன செய்தீர்கள்? காயலான் கடையில் போட்டிருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்கி வந்துவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எனக்குச் செங்கோட்டையில் லேத் பட்டறை. அப்பா ரயில்வேயில் டிராலிமேனாக இருந்தவர். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் இன்ஸ்பெக்டர் குடைக்குக் கீழே உட்கார்ந்து வர, பின்னால் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளிப்போன ஆட்களில் ஒருவர். 1904இல் திறந்த அந்த மீட்டர்கேஜ் பாதையை 2010இல் மூடினார்கள். அகலப்பாதையாக மாறி மறுபடி ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய சாமான் டன் கணக்கில் எடைக்குப் போயிற்று. தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மலையாளி ஒருவர், ரயில்வே ஆட்கள் தங்குவதற்காக வைத்திருந்த பழைய கேம்ப் கோச் ஒன்றையும், ஒரு டிராலியையும் ஏலக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி பங்களா முன்னால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, பழைய மாதிரியே ஆக்கணும், ஒரு ஆணி மாறக் கூடாது" என்றார். ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று வாய் கூசாமல் சொன்னேன். மூன்றரை வருஷம் ஆகியும் முழுசாக முடியவில்லை.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உதிரிபாகம் விற்கும் கடை என்று ஒன்று கிடையாது. தென்னாட்டில் இன்றைக்கு ஓடும் மீட்டர்கேஜ் ஊட்டி மலை ரயில் ஒன்றுதான். அதற்கான நீராவி இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகவே செய்து கொடுத்திருக்கிறது, அவ்வளவு கைத்திறன் அங்கே இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற தனி ஆளுக்கு ஒரு போல்ட்கூட விற்கமாட்டார்கள். திருச்சிக்கு நீங்கள் போக வேண்டியது வேறு காரியத்துக்கு. அந்த ஊரிலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பூரில் ஒன்று இருக்கிறது, மைசூரில் ஒன்று இருக்கிறது. உங்கள் பெட்டியில் இல்லாத சாமான் அங்கே நிற்கும் பெட்டியில் இருக்கும். அனுமதி கேட்டு, டேப்பும் வெர்னியரும் கொண்டுபோய், அளவெடுத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாருங்கள். அந்த அளவுதான் உதிரிபாகம், இரும்பை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் டிராம் பெட்டிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இதே பாடுதான். டிராம் நின்றதும் மேல்கூட்டை மலிவாக விற்றிருக்கிறார்கள். அது யார் வீட்டுத் தோட்டத்திலோ கோழிக்கூடாகவும் ஓய்வறையாகவும் கிடந்து பிழைத்துக்கொண்டது. சக்கரமும் மோட்டாரும் உருக்குக்குப் போய்விட்டன. அதனால் அமெரிக்க அருங்காட்சியகங்கள் பெல்ஜியத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கழித்த டிராம்களின் போகிகளை (பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டங்களை) வாங்கிவந்து தங்கள் கூட்டுக்கு அடியில் வைக்கின்றன. நம் சென்னையில் 1895இல் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றது. கோழிக்கூடாகக்கூட ஒன்றும் மிஞ்சியதாக நான் பார்த்ததில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் மாதமே நான் செய்த தப்பு மரை விஷயத்தில். மெட்ரிக் அளவுச் சட்டமே நம் நாட்டில் 1956இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெட்டி முழுக்க அங்குலக் கணக்கு, விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு மரை. 5/8 அங்குல போல்ட்டைக் கையில் எடுத்தால் 16 மில்லி போலவே இருக்கும், வித்தியாசம் ஒரு மில்லியில் எட்டில் ஒரு பங்கு. 16 மில்லி நட்டைப் போட்டால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும். "ஏறிடுச்சு அண்ணே" என்று பையன் சந்தோஷமாகச் சொல்வான். மூன்றாவது சுற்றில் இறுகும். துரு என்று நினைத்து நீளமான ஸ்பானர் போட்டு முறுக்கினால் எண்பது வருஷத்து போல்ட்டின் மரை சீவிக்கொண்டு போய்விடும். விட்வொர்த்தில் அது அங்குலத்துக்கு 11 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கில் 2 மில்லிக்கு ஒரு மரை, 60 டிகிரி. இரண்டும் ஒருநாளும் சேராது. நான் நாலு போல்ட்டைக் காவு கொடுத்த பிறகுதான் மரையை அளக்கும் நூற்றைம்பது ரூபாய் திரெட் கேஜைக் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். விட்வொர்த் மரை வெட்டும் டேப்பும் டையும் இன்றும் கடையில் கிடைக்கின்றன, பயப்பட வேண்டாம். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரைகூட அந்த 55 டிகிரி வம்சம்தான்.

அடுத்தது வார்ப்பு. சாமான் வைக்கும் பலகையைத் தாங்கும் பித்தளைக் கை எட்டில் மூன்று இல்லை. இருக்கிற ஒன்றையே மணலில் பதித்து வார்த்துத் தரச் சொன்னேன். வந்தது பார்க்க அச்சு அசல். பெட்டியில் வைத்தால் ஓட்டைக்கு ஓட்டை பொருந்தவில்லை. பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும், வார்ப்பிரும்பு ஒரு பங்கு சுருங்கும். பத்து அங்குலக் கையில் கிட்டத்தட்ட 4 மில்லி போய்விட்டது. பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி) செய்கிறவர்கள் இதற்கென்றே தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள், அதில் ஓர் அடி உண்மையான அடியைவிடக் கொஞ்சம் நீளம். லேத்தில் முப்பது வருஷம் நின்ற எனக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்தேன். பிறகு ஆலப்புழைப் பக்கம் மான்னாரில் உருளியும் விளக்கும் வார்க்கிற ஒருவரிடம் போனோம். மெழுகில் செய்து மண் பூசி வார்க்கும் முறை அவர்களுடையது. பெரியவர் அந்தப் பித்தளைக் கையை இரண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு சுருங்கும் என்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே சொல்லிவிட்டார். வந்த மூன்றும் கச்சிதம். பழையது எது, புதியது எது என்று தோட்டத்து முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஆரம்பித்தேன் அல்லவா, அதற்கு ஒரு கதை உண்டு. ஆக்சில் பாக்ஸ், அதாவது சக்கர அச்சின் நுனி சுழலும் கூடு, அதன் மூடி ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. உள்ளே எண்ணெயில் ஊறிய வேஸ்ட் நூலும், ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவை பூசிய பேரிங்கும் இருக்கும். அதில் தூசி படாமல் காப்பது அந்த மூடிதான். தோட்டத்து வேலையாள் ஒருவர் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உடைந்த மூடியை ஆக்ரிக்கடையில் போட்டுவிட்டார் (அந்தப் பக்கம் காயலான் கடைக்கு அதுதான் பெயர்). மற்ற மூடிகளைப் பார்த்துச் செய்யலாமே என்பீர்கள். அவை வேறு மாதிரி! எந்தக் காலத்திலோ பணிமனையில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், கீல் எதிர்ப்பக்கம். உடைந்த துண்டு இரண்டும் கையில் இருந்திருந்தால் சேர்த்து வைத்து, வளைவை அட்டையில் வரைந்து, ஒரு வாரத்தில் செய்திருப்பேன். அது இல்லாமல் எட்டு மாதம் போயிற்று. கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? இடப்பாளையம் பக்கம் ஒரு டீக்கடையில், ஆடுகிற பெஞ்சுக் காலுக்கு முட்டாக. சிங்கிள் டீ குடித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன், அதே கீல். கடைக்காரர் காசு வாங்கவில்லை. பெஞ்சுக்கு வேறு முட்டு கொடுக்கச் சொன்னார், ஒரு பழைய கியர் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆகவே மலைப்பாதை ஓரத்து ஊர்களில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நடங்கள். தண்டவாளம் வேலிக்காலாக நிற்கும். அதன் இடுப்பில் செய்த கம்பெனியும் வருஷமும் எழுத்தாகவே இருக்கும், சேற்றைத் துடைத்துப் படியுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெட்டிகளில் வேக்குவம் (வெற்றிட) பிரேக். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உருளும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். இதற்காக வடநாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தோம், நாங்கள் நின்றுகொண்டிருந்தது ரப்பர் தோட்டத்துக்கு நடுவில்! கொல்லம் பக்கம் அச்சு வைத்து ரப்பர் வார்க்கும் சின்னப் பட்டறையில் ஒரு வாரத்தில் செய்து கொடுத்தார்கள். அங்கேயும் காய்ந்த பழைய வளையத்தைத்தான் மாதிரியாகக் கொண்டுபோனேன்.

மரத்துக்குப் புதுத் தேக்கு வாங்காதீர்கள். தென்மலை மழையில் அது ஊதி ஜன்னல் பலகை காடியில் ஏறாது. கேரளத்தில் பழைய தறவாட்டு வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் உத்திரமும் கதவுச் சட்டமும் விலைக்கு வரும். நூறு வருஷம் வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம், இனி அசையாது. திருகாணி ஒற்றைக் கோடு போட்ட பித்தளையாக இருக்கட்டும். நட்சத்திரத் தலை ஒன்று தெரிந்தால் போதும், மொத்த வேலையும் பொய்யாகிவிடும்.

டிராலிக்கு வருகிறேன், அது சுலபம். சட்டம் மரம், உட்காரும் இடத்துக்குப் பிரம்பு, எல்லாம் ஊரிலேயே ஆகும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஃபைபர் புஷ் (உள்ளே செருகும் வளையம்) மாதிரி ஏதாவது இருந்தால் தேவையில்லாத சந்து என்று வெல்டிங் வைத்துவிடாதீர்கள். தண்டவாளத்தில் சிக்னலுக்கான மின்சுற்று இருக்கும் இடங்களில் டிராலி அதைக் குறுக்கே இணைத்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் காப்பு. இன்னொன்று, சங்கிலியும் பூட்டும். டிராலியை ஓரமாக இறக்கி வைத்தால் யாரும் தூக்கித் தண்டவாளத்தில் வைத்துவிடாதபடி பூட்ட வேண்டும். எங்கள் டிராலியில் சங்கிலிக்கான கொக்கி மட்டும் இருந்தது, அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்பாதான் பார்த்ததும் சொன்னார். பிரேக் கட்டையைக் கையால் தடவிவிட்டு, "ஆரியங்காவு தாண்டி இறக்கத்துல இதுதாம்லே உசுரு" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் பேசவில்லை.

கடைசியாக, சுவாரசியமில்லாத ஆனால் விட்டுவிடக் கூடாத விஷயம், காகிதம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டுச் சாமானோ என்று சந்தேகம் வரும்படி உங்கள் கையில் இருந்தால், நியாயமாக வந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். எஸ்.ஆர். (சதர்ன் ரயில்வே) என்று முத்திரை குத்திய எதை வாங்கினாலும் ஏலக்காரரிடம் டெலிவரி ஆர்டர் நகலும் பில்லும் கேட்டு வாங்குங்கள், தர யோசிக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் எங்கள் வண்டியை நிறுத்தி இரண்டு ஆக்சில் பாக்ஸையும் இறக்கிப் பார்த்தார்கள். காகிதம் இருந்ததால் அரைமணி நேரத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் பெட்டியில் இப்போது பாக்கி ஒன்றே ஒன்று. சக்கர அச்சிலிருந்து பெல்ட் ஓடி டைனமோவைச் சுற்ற வேண்டும், விளக்குக்கு 24 வோல்ட் அதிலிருந்துதான். அந்த அச்சில் இருக்க வேண்டிய புல்லி இல்லை. உங்கள் பெட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இருந்தால் விட்டமும் அகலமும் எத்தனை அங்குலம் என்று கீழே எழுதுங்கள். விலைக்குக் கேட்கவில்லை, அளவு கிடைத்தால் போதும்.